பல் மருத்துவப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடநூலையும் இயற்பியலையும் திருப்பித் தாருங்கள்

எங்கள் ஊர் இலவச நீட் பயிற்சி மையத்தின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினரே,

நடப்புக் கல்வியாண்டில் நம் மையத்தில் சேர்ந்த மாணவ மாணவியரை, ஒரே ஒரு மாதிரித் தேர்வில் அவர்கள் பெற்ற மதிப்பெண்ணையும் சேர்க்கைப் படிவத்தில் எழுதிய விருப்பத்தையும் வைத்து, மருத்துவப் பிரிவு என்றும் பல் மருத்துவப் பிரிவு என்றும் இரண்டாகப் பிரித்திருக்கிறீர்கள். அந்தத் தேர்வில் பின்தங்கியவர்களும், சேர்க்கைப் படிவத்தில் பல் மருத்துவமே தம் முதல் விருப்பம் என்று எழுதியவர்களும் இரண்டாம் பிரிவில் வைக்கப்பட்டுள்ளனர். அப்பிரிவுக்கு இயற்பியல் வகுப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. முன்பு கொடுத்த பாடநூல்கள் திரும்பப் பெறப்பட்டு, ஆங்கிலத்தில் அச்சான தடித்த கைடு ஒன்று கையில் தரப்பட்டிருக்கிறது. சனிக்கிழமை மாலையில் விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு தவறுகளைப் பேசித் திருத்தும் நேரமும் நீக்கப்பட்டு, அந்த நேரத்தில் இன்னொரு தேர்வு நடத்தப்படுகிறது. பல் மருத்துவத்துக்குக் குறைந்த மதிப்பெண் போதும், ஆகவே இவ்வளவு பயிற்சியே போதும் என்பதுதான் நீங்கள் கூறிய காரணம். இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

நான் விளவங்கோடு வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியை. வார இறுதியில் நம் மையத்திலும் பாடம் எடுத்து வருகிறேன். என் மறுப்பை முதலில் கூட்டத்தில் சொன்னேன். பிறகு எழுத்திலும் கொடுத்தேன். பதில் வராத நிலையில், இதனால் நேரடியாகப் பாதிக்கப்படும் பெற்றோரும் அறியட்டும் என்பதற்காக எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நீட் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் உறுதியான கருத்து உண்டு. ஆனால் 2017 முதல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதை எழுதியே தீர வேண்டியிருப்பதால், அந்த வாதத்தை இங்கே கலக்கவில்லை.

முதலில் அடிப்படையான செய்தி ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பல் மருத்துவத்துக்கென்று தனி நுழைவுத் தேர்வு எதுவும் நம் நாட்டில் இல்லை. எம்.பி.பி.எஸ். படிக்க விரும்பும் பிள்ளையும் பி.டி.எஸ். படிக்க விரும்பும் பிள்ளையும் மே மாதத்து ஞாயிறு ஒன்றின் பிற்பகலில் ஒரே அறையில் அமர்ந்து ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 என மொத்தம் 180 வினாக்கள்; 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் சேரும், தவறான விடைக்கு ஒன்று குறையும். 2021 முதல் 2024 வரை 200 வினாக்கள் தந்து, அவற்றுள் 180க்கு விடையளித்தால் போதும் என்ற சலுகை இருந்தது. 2025 முதல் அந்தச் சலுகையும் இல்லை; 180 வினாக்களுக்கும் சரியாக 180 நிமிடங்கள்தாம். மாநிலத்தில் இரு படிப்புகளுக்கும் சேர்த்தே விண்ணப்பம் பெறப்படுகிறது, சேர்த்தே தரவரிசைப் பட்டியல் வெளியிடப்படுகிறது. வினாத்தாளும் பட்டியலும் ஒன்றாக இருக்கும்போது, பயிற்சியை மட்டும் இரண்டாகப் பிரித்து ஒரு சாராருக்குக் குறைத்துக் கொடுப்பது எந்தக் கணக்கில் நியாயமாகும்?

இயற்பியலை நிறுத்தியதைப் பற்றிக் கேட்டபோது, குழுவில் ஒருவர், 45 வினாக்களுக்கும் ஒரே எழுத்தைக் குறித்துவிட்டு வந்தால் ஏதாவது கிடைக்கும் என்றார். மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் நின்றால் இந்த யோசனையைச் சொல்ல நான்கு பேர் கிடைப்பார்கள்; ஒரு பயிற்சி மையம் அதைத் தன் வழிமுறையாகக் கொள்ளக் கூடாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால், சராசரியாக ஒரு வினாவுக்குக் கால் மதிப்பெண் கிடைக்கும். 45 வினாக்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 11 மதிப்பெண். அதே பிள்ளை இயற்பியலில் தனக்கு எளிதான பாடங்களை மட்டும் ஊன்றிப் படித்து, 20 வினாக்களுக்குச் சரியாக விடையளித்து, மீதியைத் தொடாமல் விட்டாலே 80 மதிப்பெண் வரும். அலகுகளும் பரிமாணங்களும், மின்னோட்டவியல், ஒளியியல், குறைகடத்திகள் ஆகியவை பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் அந்தப் பிள்ளை எப்படியும் படிக்க வேண்டிய பாடங்களே. இயற்பியலைக் கைவிடச் சொல்லும்போது 720இல் 180ஐத் தேர்வறைக்குள் நுழையும் முன்பே அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள். மீதமுள்ள 540இல் அவள் எவ்வளவு உழைத்தாலும், முழுவதும் படித்தவளோடு ஒரே பட்டியலில்தான் நிற்க வேண்டும்.

பல் மருத்துவத்துக்குக் குறைந்த மதிப்பெண் போதும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பி.டி.எஸ். இடங்கள் எம்.பி.பி.எஸ். இடங்களைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் முடிவது உண்மைதான். ஆனால் எந்தக் கல்லூரியின் இடம், எந்தக் கட்டணத்தில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மையாகும். தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி என்று சொல்லத்தக்கவை சென்னையிலும் சிதம்பரத்திலும், 2023இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டையிலும்தான் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. அரசு பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு மகளை அனுப்பவும் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஒரு தகப்பன் ஆயத்தமாக இருக்கிறார். ஆனால் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம் கட்ட அவரால் இயலாது. அரசுக் கல்லூரியின் அந்தச் சில இடங்களுக்குப் போட்டியிட நல்ல மதிப்பெண் வேண்டும்; "போதும்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறதே என்று கூட்டத்தில் சொன்னீர்கள். அந்த ஒதுக்கீடு பல் மருத்துவத்துக்கும் பொருந்தும் என்பதும், அதன்வழி இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்பதும் பெரும் ஆறுதல். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அது உரியது. நம் குமரி மாவட்டத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கடற்கரை ஊர்களிலும் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக் கிராமங்களிலும் ஏழைப் பிள்ளைகளில் பலர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிறார்கள். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவரின் மகனாக இருந்தாலும், முந்திரி ஆலையில் வேலை செய்பவரின் மகளாக இருந்தாலும், உதவி பெறும் பள்ளியில் படித்த காரணத்தால் இந்த ஒதுக்கீடு அவர்களுக்குக் கிடையாது. நம் மையத்தின் பல் மருத்துவப் பிரிவில் அத்தகைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பொதுப் போட்டியிலும் தத்தம் சமூக ஒதுக்கீட்டிலும் நின்று வெல்ல வேண்டியவர்கள். அவர்களுக்குத்தான் நீங்கள் பயிற்சியைக் குறைத்திருக்கிறீர்கள்.

பல் மருத்துவத்துக்கு இயற்பியல் எதற்கு என்றும் கேட்டீர்கள். பி.டி.எஸ். இரண்டாம் ஆண்டில் பல் மருத்துவப் பொருள்கள் பற்றியே ஒரு பாடம் உண்டு. அடைப்புக்கு வைக்கும் பொருள் கடிக்கும் விசையைத் தாங்குமா, சூடான தேநீருக்கும் குளிர்ந்த நீருக்கும் அது பல்லோடு ஒத்து விரியுமா, சுருங்குமா என்பவையெல்லாம் பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் தகைவு, திரிபு, வெப்ப விரிவு ஆகியவற்றின் தொடர்ச்சிதான். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்காத பல் மருத்துவமனை இன்று அரிது. குழியாடியின் பயனுக்கு நம் பள்ளிப் பாடம் எடுத்துக்காட்டாகச் சொல்வதே பல் மருத்துவர் கையிலிருக்கும் ஆடியைத்தான். ஆகவே தேர்வுக்காக மட்டும் அன்றி, படிப்புக்காகவும் அந்தப் பிள்ளைக்கு இயற்பியல் வேண்டும்.

இனி அந்தக் கைடுக்கு வருகிறேன். இம்மடலை எழுத என்னைத் தூண்டியது அதுதான். பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, சென்ற வாரம் அதன் ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள். மனிதப் பற்களின் வாய்பாடு, பால் பற்கள், நிலைப் பற்கள், தாடை எலும்பின் குழிகளில் பற்கள் பதிந்திருக்கும் முறை என எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னாள். பல் மருத்துவம் படிக்கப் போகிறவள் என்பதால் அந்தப் பகுதியின்மேல் அவளுக்குத் தனி ஆசை. வரிக்கு வரி பென்சிலால் கோடிட்டிருந்தாள். "டீச்சர், இதிலேருந்து நிறைய கேப்பாங்க இல்லியா?" என்றாள். 2024ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து தேசிய மருத்துவ ஆணையம் திருத்தியமைத்த பாடத்திட்டமே நடைமுறையில் இருக்கிறது. அதில் செரிமானமும் உட்கிரகித்தலும் என்ற பகுதி நீக்கப்பட்டுவிட்டது. பற்கள் பற்றிய பாடம் அந்தப் பகுதியைச் சேர்ந்தது. பிளஸ் ஒன் விலங்கியலுக்காக அவள் அதைப் படிக்கத்தான் வேண்டும். நீட் தேர்வுக்கென்று ஒரு வாரத்தை அதில் செலவிட வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

அதன்பின் அந்தக் கைடை வாங்கிப் பொருளடக்கத்தைத் திருத்திய பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உணர்உறுப்புகள், தாவரங்களில் கடத்துமுறை, கனிம ஊட்டம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள், வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகிய நீக்கப்பட்ட பகுதிகள் அனைத்தும் அதில் அப்படியே இருக்கின்றன. திருத்திய பாடத்திட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டவை அதில் இல்லை. வெர்னியர் அளவி, திருகு அளவி, தனி ஊசல் முதலிய செய்முறைத் திறன்கள் இயற்பியலில் சேர்க்கப்பட்டுள்ளன. செய்முறை வேதியியலும் சேர்க்கப்பட்டுள்ளது. தாவரவியலில் செம்பருத்தியின் குடும்பமான மால்வேசி தொடங்கிச் சில தாவரக் குடும்பங்கள் வந்துள்ளன. இவற்றில் ஒன்றும் அந்தக் கைடில் இல்லை. எந்த ஆண்டு அச்சிட்டது என்பதை அட்டையைப் புரட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நன்கொடையாக வந்த புத்தகம் என்று சொல்கிறீர்கள். கொடுத்தவரின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு ஒரே நூலாகக் கொடுப்பது என்று முடிவெடுத்தது நீங்கள். பாட ஆசிரியர்களில் ஒருவரையேனும் கேட்டிருக்கலாம்.

எதைப் படிப்பது என்ற கேள்விக்கு விடை கடினமானது அன்று, செலவு பிடிப்பதும் அன்று. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு முதல் நூல் தமிழ்நாட்டுப் பாடநூல்தான். 2018 தொடங்கி வந்த புதிய பாடநூல்கள் ஆழமானவை, அவை தமிழில் இருக்கின்றன, பிள்ளையின் பையிலேயே இருக்கின்றன. இரண்டாவதாக மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் நூல். அது தமிழில் வருவதில்லை. எனவே தமிழில் பாடத்தைப் புரிந்துகொண்ட பிறகு அதே பகுதியை ஆங்கிலத்தில் நிதானமாக வாசிக்க வேண்டும். உயிரியல் வினாக்கள் பலவும் அந்நூலின் வரிகளையும் படக் குறிப்புகளையும் ஒட்டியே அமைகின்றன. இதிலும் பழைய பதிப்பா புதிய பதிப்பா என்று பார்த்து எடுக்க வேண்டும். பழைய பதிப்பில் பிளஸ் ஒன் உயிரியலுக்கு 22 பாடங்களும் பிளஸ் டூவுக்கு 16 பாடங்களும் இருந்தன; புதிய பதிப்பில் அவை 19ஆகவும் 13ஆகவும் குறைந்துள்ளன. அதே வேளையில், என்.சி.இ.ஆர்.டி. மட்டும் போதும் என்று சிலர் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. புதிய என்.சி.இ.ஆர்.டி. வேதியியலிலிருந்து பி-தொகுதித் தனிமங்கள் எடுக்கப்பட்டுவிட்டன. நீட் பாடத்திட்டத்தில் அவை தொடர்கின்றன. நம் பிளஸ் டூ வேதியியலில் அவற்றுக்கு இரண்டு முழு அலகுகள் உண்டு. ஆக, எந்தப் பகுதியை எந்த நூலில் படிப்பது என்று பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பட்டியல் போட்டுத் தருவதே பயிற்சி மையத்தின் முதல் வேலை. இரு நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் அவ்வாறே கிடைக்கின்றன. இவற்றுக்குப் பிறகு நேரமிருந்தால் கைடு எடுக்கலாம்.

நூலை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். தாவரக் குடும்பம் நடத்திய அன்று, வேலியிலிருந்து செம்பருத்திப் பூ பறித்து வரச் சொன்னோம். பிள்ளைகள் பூவைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்தார்கள். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரே குழலாக இணைந்து சூலகத்தண்டைச் சூழ்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு பாடநூலில் அந்தப் பத்தியை வாசித்து, படத்தோடு ஒப்பிட்டு, நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைந்தார்கள். மால்வேசி குடும்பத்தைப் பற்றி இனி எந்த வடிவில் வினா வந்தாலும் அவர்கள் தடுமாற மாட்டார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இப்போது பல் மருத்துவப் பிரிவில் அந்தப் பகுதியே இல்லை.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழில் எழுத விரும்பும் மாணவருக்கு வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வருகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை இருந்ததும், மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டதும், உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே தமிழ்வழிப் பிள்ளைக்கு இரு மொழிகளும் வேண்டும்: புரிந்துகொள்ளத் தமிழ், சரிபார்க்க ஆங்கிலம். எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு கலைச்சொல் நோட்டு வைத்திருந்தார்கள். பாடம் முடியும்போது புதிய சொற்களை இரு மொழிகளிலும் எழுதிக்கொள்வார்கள். தமிழ்ப் பாடநூலை வாங்கிக்கொண்டு ஆங்கிலக் கைடை மட்டும் கொடுத்த பிறகு, அந்த நோட்டில் ஒரு பக்கம் காலியாகவே கிடக்கிறது.

நீங்கள் நடத்தும் தேர்வுகளை நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கற்றது எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதை எர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885லேயே தம்மையே சோதித்து எழுதி வைத்தார். ஜான் டன்லோஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து, தன்னைத்தானே சோதித்துப் படிப்பதும் இடைவெளி விட்டு மீண்டும் படிப்பதும் மிகுந்த பயன் தருபவை என்றும், அடிக்கோடிடுவதும் வெறுமனே திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயனே தருபவை என்றும் கூறினார்கள். எனவே தேர்வு வேண்டும். ஆனால் எழுதிய தேர்வில் எங்கே, ஏன் தவறியது என்று அறியாமல் அடுத்த தேர்வுக்குப் போகும் பிள்ளை, தன் தவறையே பழகிக்கொள்கிறது.

நீக்கப்பட்ட சனிக்கிழமை மாலை இதற்காகத்தான் இருந்தது. தூத்தூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் உயிரியலில் தொடர்ந்து குறைவாகவே எடுத்து வந்தான்; படிக்கிறான், ஆனால் மதிப்பெண் ஏறவில்லை. ஒரு சனிக்கிழமை அவனுடைய வினாத்தாளை எடுத்து, தவறிய ஒவ்வொரு வினாவையும் வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். "பின்வருவனவற்றுள் சரியற்றது எது" என்ற வினாவை அவன் "சரியானது எது" என்றே வாசித்தான். அடுத்ததிலும் அவ்வாறே. விரைவில் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில், "சரியற்றது" என்ற சொல்லை அவன் கண் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பாடம் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அன்று முதல் அந்தச் சொல்லைப் பேனாவால் வட்டமிட்ட பின்பே விடைகளைப் பார்ப்பது என்று பழகிக்கொண்டான். வேறொரு பிள்ளைக்குக் கூட்டல் பிழை, இன்னொருத்திக்கு ஓ.எம்.ஆர். தாளில் வரிசை மாறிக் குறிக்கும் பழக்கம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோய்; அனைவருக்கும் இன்னொரு தேர்வு என்பது மருந்தாகாது. இப்போது மதிப்பெண் பட்டியல் சுவரில் ஒட்டப்படுகிறது. பிள்ளைகள் தம் பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். அந்த எண் அவர்களுக்கு எதையும் கற்றுத் தருவதில்லை.

இயற்பியலுக்கு மாற்றாக நீங்கள் பரிந்துரைத்த காணொளிப் பாடங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அது தந்தையோடு வேலைக்குப் போய்விடுகிறது. மலையடிவார ஊர்களில் மழை பிடித்துக்கொண்டால் சிக்னலும் போய்விடுகிறது. மேலும், ஐயம் வந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கக் காணொளியில் ஆள் இல்லை.

இயற்பியல் ஆசிரியர் ஒருவர்தான் இருக்கிறார், இரு பிரிவுக்கும் எடுக்க முடியவில்லை என்ற உங்கள் சங்கடத்தை நான் அறிவேன். பிரிவை நீக்கிவிட்டால் அந்தச் சங்கடமும் நீங்கிவிடும். இரண்டாவது ஆசிரியர் தேவை என்றாலும், மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் வட்டாரங்களில் பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. கேட்டால் மறுக்காதவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களே இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போய்ப் பணம் கட்டிப் படிக்கிறார்கள். அங்கே போக முடியாதவர்களுக்காகத்தான் இந்த மையத்தைத் தொடங்கினீர்கள். ஊர் மக்கள் நன்கொடை கொடுத்ததும் அதற்காகத்தான். முதல் தேர்வில் பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதல் கவனம் கிடைக்கும் என்று நம்பியே பெற்றோர் இங்கே அனுப்புகிறார்கள்.

பல் மருத்துவத்தை விரும்பித் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவு தரும் மனவருத்தத்தையும் சொல்லாமல் விட முடியாது. தன் பாட்டி பல்வலியால் பட்ட பாட்டைப் பார்த்து, ஊரில் ஒரு பல் மருத்துவராக வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே எண்ணியிருக்கும் மாணவியும், மதிப்பெண் குறைந்ததால் அங்கே தள்ளப்பட்ட மாணவனும் ஒரே வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவளுடைய விருப்பம் குறைந்தவர்களுக்கான இடம் என்று உங்கள் அறிவிப்பு ஊரறியச் சொல்லிவிட்டது. அந்த மாணவி மருத்துவப் பிரிவில் இருந்த பலரைவிடவும் அதிக மதிப்பெண் பெற்றவள் என்பதைத் தேர்வுப் பதிவேட்டிலேயே நீங்கள் காணலாம்.

ஆகவே குழுவினரிடம் நான் கேட்பவை இவை. மருத்துவம், பல் மருத்துவம் என்ற பிரிவினையை உடனே கைவிட்டு, எல்லோருக்கும் மூன்று பாடங்களையும் முழுமையாக நடத்துங்கள். பின்தங்கியவர்களுக்குத் தனி நேரம் வேண்டுமென்றால், அது வழக்கமான வகுப்புக்கு மேல் கூடுதலாக இருக்கட்டும். திரும்பப் பெற்ற தமிழ்நாட்டுப் பாடநூல்களை இந்த வாரமே பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்; ஒவ்வொரு பாடத்துக்கும் புதிய பதிப்பு என்.சி.இ.ஆர்.டி. நூல்களில் சில படிகளை அச்செடுத்து மைய நூலக அலமாரியில் வைத்து, அலமாரியைப் பூட்டாமல் விடுங்கள். பழைய பாடத்திட்டக் கைடை முதன்மை நூலாகப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்; அதில் எந்தப் பகுதிகள் தேர்வுக்கு இல்லை என்று குறித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் கொடுங்கள். அந்தப் பட்டியலை நானும் மற்ற பாட ஆசிரியர்களும் தயாரித்துத் தருகிறோம். இனி எந்த நூல் வாங்குவதானாலும், நன்கொடையாகப் பெறுவதானாலும், அந்தந்தப் பாட ஆசிரியர் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பிள்ளைகளிடம் கொடுப்பது என்று விதி செய்யுங்கள்.

சனிக்கிழமை மாலை விடைத்தாள் நேரத்தை மீண்டும் கொண்டு வாருங்கள். வாரத்துக்கு ஒரு தேர்வு குறைந்தாலும் குற்றமில்லை. மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதை நிறுத்தி, தவறிய வினாக்களின் விவரத்தோடு அவரவர் கையில் கொடுங்கள். வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் பிள்ளைகள் கையில் எடுத்துப் பழகும்படி, அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தை விடுமுறை நாளில் பயன்படுத்த அனுமதி கேட்டு மையத்தின் சார்பில் கடிதம் எழுதுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க இயலாது, ஏன் என்பதைக் காலாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்கும் முன் பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டி, அவர்கள் முன்னிலையில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலைக்குப் போகும் பெற்றோரும் வர வசதியாக அந்தக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அமையட்டும்.

இப்படிக்கு,
மையத்தில் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியை,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்